பேசிவைத்த டிரா

ஏப்ரல் 12, வெள்ளி

இந்த டைரி நான் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. ஆல்பர்ட் சார் என் தலையில் கட்டியது. என் மகள் வர்ஷிதாவுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறவர். வயது என்னவோ என் கடைசித் தம்பியைவிடக் குறைவுதான். இன்று வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாக நிறுத்தி, "டீச்சர், போட்டி முடியுற வரைக்கும் பிள்ளைட்ட சொல்லணும்னு தோணுறத எல்லாம் ஒரு நோட்டுல எழுதிருங்க. அவட்ட மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

நான் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோவில்பட்டியில் இசக்கி டீச்சர் விசில் கேட்காத தெரு கிடையாது. எனக்குப் போய் வாயை மூடச் சொல்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போன மாதம் மதுரையில் ஜெயிக்கிற ஆட்டத்தை வர்ஷி கோட்டை விட்டதும் ஹால் வாசலில் நான் போட்ட சத்தத்தை அவரும் கேட்டார். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மே மாதம் கரூரில் மாநிலப் போட்டி, பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு. முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். வர்ஷிக்கு இந்தப் பிரிவில் இது கடைசி வருஷம். விட்டால் போச்சு.

ஏப்ரல் 18, வியாழன்

மோட்டார் காயில் எரிந்துவிட்டது. இவர், வர்ஷி அப்பா, வேலை பார்க்கிற புக்கிங் ஆபீஸில் லாரி வரவில்லை என்று நேரமாகியும் வீட்டுக்கு வரவில்லை. நானே குடம் தூக்கினேன்.

கோடைக்காலக் கபடிப் பயிற்சியில் இரண்டு பிள்ளைகளை டீமிலிருந்து தூக்கிவிட்டேன். எதிர் டீமில் இவர்களின் சித்தி மகள் ஆடினாளாம், அவளுக்கு ஒரு சான்ஸ் கிடைக்கட்டும் என்று பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். விசிலைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் திட்டினேன். களத்துக்குள்ளே வந்துவிட்டால் சித்தியும் கிடையாது, பெரியம்மாவும் கிடையாது. அழுதுகொண்டே போனார்கள். அழட்டும்.

ஏப்ரல் 27, சனி

இன்று ஒன்று பார்த்தேன். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

ரசத்துக்குத் தாளித்துவிட்டு எட்டிப் பார்த்தால், வர்ஷி பலகையை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பலகையில் ஒரு காய்கூட இல்லை. வெறும் கட்டங்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சட்டென்று முகம் சுளிக்கிறாள், பிறகு லேசாகச் சிரிக்கிறாள். காய் எங்கே என்று கேட்டேன். "இங்கதான இருக்கு" என்றாள், என்னவோ எனக்குத்தான் கண் தெரியாத மாதிரி.

நான் பெற்ற பிள்ளை. பல் முளைத்தது, அம்மை வந்தது, தலையில் பேன் வந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வெறும் பலகையில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றுவிட்டேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

மே 6, திங்கள்

கரூர் வந்து சேர்ந்தோம். கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் அறை சொல்லி வைத்திருந்தும், ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறான் அந்த மேனேஜர். நான் என் குரலைக் காட்டினேன். எதிரே நின்ற அம்மா, "விடுங்க்கா, ரெண்டு கட்டில் இருக்குதுங்களே, சேந்தே இருந்துக்கலாமுங்" என்றாள். அவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு என்னத்தைச் சண்டை போடுவது.

பேர் கோகிலவாணி. தாராபுரம் பக்கம். மகள் தன்யஸ்ரீயும் இதே போட்டிக்குத்தான் வந்திருக்கிறாள். வர்ஷி வயதுதான், இரட்டைச் சடை, பேச்சே இல்லை. கோகிலா கொண்டுவந்த பையில் துணியைவிடச் சமையல் சாமான்தான் அதிகம். கரண்ட் குக்கர், அரிசி, ஊறுகாய், கருவேப்பிலைகூட. செஸ் அம்மாக்கள் எல்லாம் இப்படித்தானாம், ஓட்டல் சாப்பாடு பிள்ளைக்கு வயிற்றைக் கெடுத்துவிட்டால் ஒரு ரவுண்டு போய்விடும் என்று அறையிலேயே ரகசியமாகச் சோறு பொங்குவார்களாம். இதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் பரோட்டா வாங்கிக்கொடுத்திருக்கிறேன்.

மே 7, செவ்வாய்

இரண்டு ஆட்டம், இரண்டும் வெற்றி. ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மே 8, புதன்

காலையில் தோற்றாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஹாலை விட்டு வருகிற நடையிலேயே தெரிந்துவிடும். பந்தலில் உட்கார்ந்திருக்கிற எல்லா அம்மா அப்பாவுக்கும் அந்தக் கலை கைவந்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தால் வெற்றி. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தால் தோல்வி. வர்ஷி அணைத்துக்கொண்டு வந்தாள்.

சொல்ல வேண்டியது எல்லாம் இங்கே எழுதுகிறேன்: ஏன் அவ்வளவு அவசரம்? ஏன் எழுந்து எழுந்து அடுத்த பலகையை வேடிக்கை பார்த்தாய்? நேற்று ஏன் தலைக்குக் குளித்தாய்? எழுதி முடித்த பிறகு பார்த்தால், கடைசிக் கேள்வி எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

மதியம் ஜெயித்தாள்.

சாயங்காலம் நானும் கோகிலாவும் குக்கரில் சோறு வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டிலில் மல்லாந்து படுத்து, ஃபேனைப் பார்த்தபடி ஏதோ எழுத்தும் எண்ணுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனப்பாடம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். நடுவில் தன்யா ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். வர்ஷி, "குதிரை போயிரும் பாத்துக்கோ" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலகை இல்லாமல், காய் இல்லாமல், வெறும் வாயாலேயே இரண்டு பேரும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு காயும் அந்த இரண்டு சின்னத் தலைக்குள் நிற்கின்றன, இரண்டிலும் ஒரே மாதிரி நிற்கின்றன.

கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வயித்துலதான் பொறந்துச்சுங்களா இதுக?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். வெங்காயத்தைச் சாக்கு வைத்து இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

மே 9, வியாழன்

இரண்டும் வெற்றி. தன்யா ஒன்றில் தோற்றாள், ஒன்றில் ஜெயித்தாள். வர்ஷி ஜெயித்த சந்தோஷம் அறைக்குள் வந்ததும் அடங்கிவிட்டது, தன்யா அழுதுகொண்டிருந்ததால். சட்டை இரண்டு துவைத்துப் போட்டேன். வெயிலுக்குச் சட்டென்று காய்ந்துவிட்டது.

மே 10, வெள்ளி

எட்டு ரவுண்டு முடிந்தது. வர்ஷிக்கு ஏழு பாயின்ட். தன்யாவுக்கும் ஏழு. எங்களுக்குப் பின்னால் ஆறு பாயின்டில் நாலு பேர் நிற்கிறார்கள். கடைசி ரவுண்டுக்கான பட்டியல் வந்தது. முதல் பலகையில் வர்ஷிதாவும் தன்யஸ்ரீயும்.

கணக்கு எனக்கே புரிகிற கணக்குதான். டிரா ஆனால் ஆளுக்கு அரை, இரண்டு பேரும் ஏழரை, பின்னால் இருக்கிறவர்கள் தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாது. இரண்டு பேரும் தேசியப் போட்டிக்குப் போகலாம். ஒருத்தி தோற்றால் ஏழிலேயே நிற்பாள். பின்னால் இருந்து யாராவது ஜெயித்து ஏழுக்கு வந்து, சமமாக நிற்பவர்களைப் பிரிக்கிற டை-பிரேக் கணக்கில் இவளைத் தள்ளிவிட்டால் போச்சு.

பட்டியலைப் பார்த்துவிட்டு நானும் கோகிலாவும் அறைக்கு வந்தோம். பிள்ளைகள் கீழே மோர் குடிக்கப் போன நேரத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது. அவள் கேட்டாளா, நான் கேட்டேனா என்று இப்போது சரியாக நினைவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். முப்பது நகர்த்தலுக்கு முன்னால் டிரா கேட்கக் கூடாது என்று இந்தப் போட்டியில் விதி. அதனால் முப்பது வரைக்கும் சண்டை சச்சரவு இல்லாமல் ஆடிவிட்டு, தன்யா கேட்பாள், வர்ஷி கை கொடுப்பாள். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே செய்வதுதானாம்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே குக்கர் சோறு தின்ற பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி வெட்டிக்கொள்ள வேண்டுமா? கபடி வேறு, செஸ் வேறு.

வர்ஷியிடம் சொன்னேன். ஆல்பர்ட் சார் சொல்லாதே என்றது ஆட்டத்தைப் பற்றித்தான், இது ஆட்டத்தைப் பற்றியே இல்லை. அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "தன்யாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அம்மா சொல்லிவிடுவாள் என்றேன். தலையை ஆட்டினாள். நானும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்போ நாளைக்கு மத்தியானமே கிளம்பிருவீகளா?" என்று கேட்டார்.

மே 11, சனி

ஒன்பதரைக்கு ஆட்டம் தொடங்கியது. பெற்றோரை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள், போட்டோ எடுக்க. முதல் பலகை மேடைமேல் தனியாக இருந்தது. வர்ஷி கறுப்பு, தன்யா வெள்ளை. கை கொடுத்துக்கொண்டபோது இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்து லேசாகச் சிரித்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நிம்மதியாக வெளியே வந்தேன்.

முப்பது நகர்த்தல் போக ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கோகிலா சொல்லியிருந்தாள். பந்தலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம். தேசியப் போட்டிக்குச் சேர்ந்தே டிக்கெட் போடுவது, குக்கர் அவள் கொண்டுவருவது, ஊறுகாய் என் பொறுப்பு என்பதுவரை முடிவாகிவிட்டது. பதினோரு மணி தாண்டியது. ஒவ்வொரு பிள்ளையாக வெளியே வந்தது, ஆட்டிக்கொண்டு சில, அணைத்துக்கொண்டு சில. எங்கள் பிள்ளைகள் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்த ஒரு பையன், உள்ளே பலகை எடுத்துவைக்கிற உதவிக்கு நின்றவன், "ஃபர்ஸ்ட் போர்டுல பயங்கர ஃபைட்டு" என்று தன் அப்பாவிடம் சொன்னான். தன்யா முப்பதாவது நகர்த்தலில் டிரா கேட்டாளா என்று கோகிலா விசாரித்தாள். யாருமே கேட்கவில்லை என்றான். இரண்டு பேர் ராணியும் போய்விட்டதாம், வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதலாம்.

கோகிலா எழுந்து நின்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "எம்புள்ள நான் சொன்னா கேக்கற புள்ளைங்க. உங்க புள்ளதான் ஒத்துக்காம இருப்பா. இப்படி நம்ப வெச்சு ஏமாத்திப்போட்டீங்களேங்க்கா" என்றாள். வெள்ளைக்குத்தானே ஒரு சிப்பாய் கூடுதல், அப்படியானால் யார் யாரை ஏமாற்றியது என்று நானும் பதிலுக்குக் கேட்டேன். மெதுவாகக் கேட்டதாகத்தான் நினைவு. பந்தலே திரும்பிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து வர்ஷி வெளியே வந்தாள்.

ஹாலுக்கு வெளியே வராந்தாவில் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் பிள்ளைகள் வரலாம், பேசத்தான் கூடாது. எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு கயிறுதான். கோகிலா என் முழங்கையைக் கிள்ளி, "இப்ப சொல்லுங்க, இப்ப சொன்னாலும் ஆச்சுங்" என்றாள். டிரா என்று ஒரு வார்த்தை. உதட்டை அசைத்தால்கூடப் போதும், நடுவர் உள்ளே இருந்தார்.

வர்ஷி டம்ளரைப் பிடித்துக் குழாயைத் திறந்தாள். அவள் கண் நேராக என் முகத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மூஞ்சி இருந்த இடத்தில் அவளுக்கு வேறு என்னவோ தெரிந்தது, யானையோ சிப்பாயோ. டம்ளர் நிறைந்து, வழிந்து, அவள் செருப்பெல்லாம் நனைந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. கோவிலில் கர்ப்பக்கிரகத்துக் கதவைத் திறக்கிற நேரத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்துவோமே, அப்படி என் வாய் தானாக மூடிக்கொண்டது. இவ்வளவு தூரம் போய் நிற்கிற பிள்ளையை, வா வீட்டுக்கு என்று எந்த வாயால் கூப்பிடுவது? ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"சொல்லலீங்களா?" என்றாள் கோகிலா.

முடியவில்லை என்றேன். அவள் பந்தலின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணி இருக்கும். மற்ற பலகை எல்லாம் காலி. இரண்டும் சேர்ந்தே வெளியே வந்தன. தன்யா பாட்டிலை ஆட்டவில்லை, வர்ஷி பாட்டிலை அணைக்கவில்லை. இரண்டு பாட்டிலையும் உள்ளேயே மறந்துவிட்டு, கையை இப்படியும் அப்படியும் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார்கள். இத்தனை வருஷம் நடையை வைத்துக் கண்டுபிடித்த கலை எனக்கு இன்று உதவவில்லை. யார் ஜெயித்தது என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதாயிற்று.

"தன்யா" என்றாள் வர்ஷி.

ஆறு பாயின்டில் இருந்தவர்களில் இரண்டு பேர் ஜெயித்துவிட்டார்கள். டை-பிரேக்கில் வர்ஷிக்கு நான்காவது இடம். பரிசு கொடுக்கும்போது ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் இங்கே எழுதலாம் என்று எடுத்தேன், ஒன்றும் வரவில்லை.

அறையைக் காலி செய்யும்போது தன்யாதான் தன் அம்மாவிடம் சொன்னாள், ஐந்து நாளில் நான் கேட்ட அவளுடைய முதல் நீளமான பேச்சு. "வர்ஷியத் திட்டாதம்மா. காலைல பல்லு வெளக்கறப்பவே நாங்க பேசிட்டோம். டிரா யாரும் கேக்கறதில்லைனு. அவ கேட்டா, நான் சரின்னுட்டேன். எனக்கும் ஆடோணும்னுதான் இருந்துச்சு."

பிள்ளைகள் மோர் குடிக்கப் போன நேரத்தில் நாங்கள் இரண்டு அம்மாக்கள் ஒன்று பேசிவைத்தோம். அதுகள் இரண்டும் வாயில் நுரையோடு வேறொன்று பேசிவைத்திருக்கின்றன. கோகிலா குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தாள், சுற்றி முடித்த பிறகும் சுற்றினாள். பிறகு என் பக்கம் வந்து, பேசியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். நான் பேசியதும் குறைவில்லை என்றேன்.

பஸ்ஸில் வர்ஷி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மதுரை வரை எழுந்திருக்கவே இல்லை.

மே 12, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் அவள் எனக்கு முன்னாடியே பலகைமுன் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை காய் இருந்தது. இரண்டு ராஜா, இரண்டு யானை, கொஞ்சம் சிப்பாய். பல் தேய்க்கவில்லை, காபி ஆறிப்போய்க் கிடந்தது. நான் இட்லி ஊற்றினேன், துணி ஊறவைத்தேன், இவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவள் அசையவில்லை.

பிறகு, "ம்மா, இங்க வா. வெள்ளைக்கு நீ இரி" என்று கூப்பிட்டாள். எனக்குத் தெரியாதே என்றேன். தன்யா நகர்த்துகிறதை நான் சொல்லுதேன், நீ நகர்த்து, எனக்கு எதுக்க ஒரு ஆளு வேணும் என்றாள். உட்கார்ந்தேன்.

இங்கேதான் தோற்றேன் என்று ஓர் இடத்தைக் காட்டினாள். அவளுடைய சிப்பாய் ஒன்றைத் தன்யாவின் யானை பிடிக்க வந்திருக்கிறது. இவள் அதைக் காப்பாற்றப் போய், இவளுடைய யானையும் ராஜாவும் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டன. "அத வுட்டுருக்கணும்மா. போனா போகுதுன்னு வுட்டுட்டு, ராஜாவ முன்னாடி நடக்க வுட்டுருந்தா போதும். பாரு" என்றாள்.

ராஜா நடந்தது. எனக்குத் தெரிந்த மட்டும் ராஜா என்பது மூலையில் பத்திரமாக வைக்கிற காய். இவள் அதைத் தனியாக, துணைக்கு யாரும் இல்லாமல், பலகையின் நடுவில் நடத்திக்கொண்டு போனாள். நான் அவள் சொன்னபடி இந்தப் பக்கம் செக் கொடுத்தேன், அந்தப் பக்கம் செக் கொடுத்தேன். அது விலகி விலகி நடந்துகொண்டே போனது. கடைசியில் என் யானைக்குப் போக இடமே இல்லை. இவளுடைய இன்னொரு சிப்பாய் ராணி ஆகிவிட்டது. எனக்கே புரிந்துவிட்டது. இவள் ஜெயித்திருப்பாள்.

இதைக் கண்டுபிடித்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கோப்பை வாங்கினபோதுகூட அந்த வெளிச்சம் இல்லை. என் போனைப் பிடுங்கி தன்யாவுக்குப் போட்டு, நேற்று நான் எப்படி ஜெயித்திருக்கலாம் தெரியுமா என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் தன்யா போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. இரண்டும் அரைமணி நேரம், பலகை இல்லாத அந்தப் பிள்ளையும் பலகை இருக்கிற இந்தப் பிள்ளையும், ஒருத்தி தோற்றதையும் ஒருத்தி ஜெயித்ததையும் மறந்துபோய்ப் பேசின.

எனக்கு அப்போதுதான் பயமாக வந்தது, நடந்ததற்காக இல்லை, நடக்க இருந்ததற்காக. முப்பதாவது நகர்த்தலில் இவர்கள் கை கொடுத்திருந்தால் இந்த ராஜா நடந்த நடை உலகத்தில் எங்கேயும் இருந்திருக்காது. அதை நானும் கோகிலாவும் வெங்காயம் உரிக்கிற லேசில் இல்லாமல் ஆக்கப் பார்த்திருக்கிறோம்.

போனை வைத்துவிட்டு வந்தாள். காயை எல்லாம் பையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் தோத்துருவேன்னு பயந்துதான டிரா பேசுன?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் பயந்தாம்மா" என்றாள். "அதுக்குத்தான் ஆடுனேன்."

சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். நான் வெள்ளை ஆடுகிற பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.